எம்பிபிஎஸ் முதல் வருடம்: மூச்சு முட்டாமல் படிக்க ஒரு வழிகாட்டி

கவுன்சிலிங்கில் சீட் உறுதியான மறுநாளே ஊர் பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் கட்டிவிடுகிறார்கள். மாமன், சித்தப்பா, தறிக்குடோன்காரர் என்று எல்லார் படமும் அதில் இருக்கும். நடுவில் ஸ்டெதாஸ்கோப்போடு உங்கள் படம். அந்த ஃபிளக்ஸ் நிறம் வெளுப்பதற்குள் முதல் இன்டர்னல், அதாவது கல்லூரிக்குள் வைக்கும் தேர்வு, வந்துவிடும். அதுவரை வகுப்பில் முதலாவதாக வந்து பழகிய பிள்ளைகளில் பலர், வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஃபெயில் ஆகிறார்கள். நானும் ஆனேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு மெடிக்கல் காலேஜுக்கு வந்தேன். நான் டாக்டராகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை யாராவது ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு, "அக்கா, என்னால முடியாதுங்க்கா" என்று அழுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஃபோனில் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். 1966இல் தொடங்கிய கோவை அரசுக் கல்லூரியில் சேர்ந்தாலும், 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர், நாமக்கல், நீலகிரி கல்லூரிகளில் சேர்ந்தாலும், பெருந்துறையோ சேலமோ கரூரோ, பாடம் ஒன்றுதான். பயமும் ஒன்றுதான்.

சேர்வதற்கு முன்னால்

புத்தகக் கடைக்கு ஓடாதீர்கள். உங்கள் துறையில் எந்த ஆசிரியர் எந்தப் புத்தகத்தை ஒட்டி நடத்துகிறார் என்பது போன பிறகுதான் தெரியும். சீனியர்களிடம் பழைய பிரதிகள் கிடைக்கும், எலும்பு செட்டும் பெரும்பாலும் அப்படிக் கைமாறி வருவதுதான். இப்போதைக்கு நன்றாகத் தூங்குங்கள். வீட்டில் துணி துவைக்கவும் கணக்கு எழுதிச் செலவு செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முதல் மாதத்தில் பாதிக் களைப்பு இதில்தான் வருகிறது.

இரண்டு எண்களை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். தியரி வகுப்புக்கு 75 சதவீத வருகை, பிராக்டிகலுக்கு 80 சதவீதம். இன்டர்னல் மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு. இவை இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விடமாட்டார்கள். படிப்பு ஓடாத நாளிலும் வகுப்புக்குப் போய் உட்காருங்கள். ரூமுக்குள்ளேயே கிடக்கும் நாட்கள்தான் ஒன்று இரண்டாகி வாரமாகிவிடும்.

முதல் வாரம்: மூன்று பேரைப் பிடியுங்கள்

தொடக்கத்தில் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று சில நாட்கள் நடத்துவார்கள். பாடம் இல்லை என்று பலர் அதை லேசாக விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் உங்களுக்கு ஒரு மென்டர் ஆசிரியரை ஒதுக்குவார்கள். அவரை அந்த வாரமே நேரில் பாருங்கள். பெயர், ஊர், எந்த மீடியத்தில் படித்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வந்தால் போதும். பிரச்சினை வந்த பிறகு முதன்முதலாகப் போய் நிற்பது மிகக் கஷ்டம். ஏற்கெனவே முகம் தெரிந்தவரிடம் போவது எளிது.

இரண்டாவது ஆள், பதில் சொல்லும் பொறுமை உள்ள ஒரு சீனியர். மூன்றாவது ஆள், உங்கள் ரூமிலோ பக்கத்து ரூமிலோ, நீங்கள் இரண்டு நாள் மெஸ்ஸுக்கு வராவிட்டால் கவனித்துக் கேட்கக்கூடிய ஒருவர். ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற எண்ணுக்குப் பேசலாம். தமிழ்நாட்டில் 1997லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சீனியரிடம் நோட்ஸ் வாங்குவதற்காக அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டிஸெக்‌ஷன் ஹால்

இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்து அனாடமி படிக்கும் இடம் இது. உடல் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண் எரியும், மூக்கு ஒழுகும். அது எல்லாருக்கும் நடக்கும். காலையில் எதுவும் சாப்பிடாமல் போகாதீர்கள், வெறும் வயிற்றோடு நின்றால் தலை சுற்றும். கண் இருட்டிக்கொண்டு வந்தால் வீம்புக்கு நிற்காமல் உடனே உட்கார்ந்து தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். முதல் நாள் மயங்கி விழுந்தவர்கள் பின்னால் நல்ல சர்ஜனாக ஆகியிருக்கிறார்கள், அதைப் பற்றி ஒரு வெட்கமும் வேண்டாம்.

அதைவிட முக்கியமானது வேறு. மேஜையில் இருப்பவர் ஒரு மனிதர். நம்மைப் போல ஒரு வீட்டில் சோறு தின்று வாழ்ந்தவர். பல கல்லூரிகளில் முதல் நாள் அவர் முன்னால் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். அன்று ராத்திரி சோறு இறங்காமல் போகலாம், வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தவர்களுக்கு அழுகை வரலாம். யாரிடமாவது சொல்லுங்கள். எனக்கு அம்மாயி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. மேஜையில் இருந்த பாட்டியின் விரல்களைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் தூங்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றாள். அதற்குப் பிறகு கொஞ்சம் தூக்கம் வந்தது.

படிக்கும் முறையை மாற்றுங்கள்

முதல் வருட நெருக்கடியில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும். விடிகாலையில் மணி அடித்தால் எழுவோம், மணி அடித்தால் படிப்போம், எதை எத்தனை தடவை படிக்க வேண்டும் என்பதையும் வேறு யாரோ முடிவு செய்வார்கள். மெடிக்கல் காலேஜில் மணி அடிக்க ஆள் கிடையாது. அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு நாளைக்கு நடத்துவதை அன்றைக்கே முழுதாக மனப்பாடம் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தால் மூன்றாவது நாளே பின்தங்கிவிடுவோம். பின்தங்கிய பாரம் நாலாவது நாளின் தலையில் ஏறும்.

நீட் தேர்வில் விடை நாலில் ஒன்றாகக் கண் முன்னாலேயே இருக்கும், அடையாளம் கண்டால் போதும். இங்கே வெறும் தாள் கொடுத்து பிராக்கியல் பிளெக்ஸஸை, அதாவது கைக்குப் போகும் நரம்புப் பின்னலை, வரைந்து விளக்கச் சொல்வார்கள். அடையாளம் காண்பது வேறு, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எடுத்துத் தருவது வேறு. பக்கத்தைப் புரட்டும்போது "எல்லாம் தெரிந்தமாதிரிதான் இருக்கிறது" என்று தோன்றுவது முதல் வகை. அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப் பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு அதை நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நாலு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். ராத்திரி படித்து முடித்ததும் நமக்கு வரும் தைரியம் அந்த ஐந்து நிமிடத் தைரியம். இன்டர்னல் வருவது வாரங்கள் கழித்து.

எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் புன்செய்க்கு நனைப்பு விடுவார்கள். தொடர்ந்து திறந்துவிட மாட்டார்கள். கொஞ்ச நாள் தண்ணீர், கொஞ்ச நாள் நிறுத்தம், மறுபடி தண்ணீர். காய்கிறதே என்று நமக்குத்தான் பதற்றமாக இருக்கும், நிலக்கடலை பாட்டுக்கு விளைந்துகொண்டிருக்கும். படிப்பையும் அப்படி நனைப்பு விடுங்கள். இன்றைக்கு பிராக்கியல் பிளெக்ஸஸ் நடத்தினார்கள் என்றால், இன்று ராத்திரி ஒரு முறை புரிந்து படியுங்கள். நாளைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் வரையுங்கள்: ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று நாண், ஐந்து கடைசிக் கிளை. வராத இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அதை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். நாலைந்து நாள் கழித்து மறுபடி. ஒரு மாதம் கழித்து மறுபடி. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம்தான் ஆகும். நடுவில் மறந்துபோவது இயற்கை. மறந்ததை முயன்று மீட்டெடுக்கும்போதுதான் அது பதிகிறது.

இன்னொரு விஷயத்தையும் முடிவு செய்யுங்கள்: எதைப் படிக்காமல் விடுவது என்பதை. எல்லா வரியும் முக்கியமில்லை. கடந்த வருடக் கேள்வித்தாள்களை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது தெரிந்தால் மலை கொஞ்சம் குறையும். ரெகார்டும் லாக்புக்கும் அந்தந்த வாரமே முடிக்க வேண்டியவை, தேர்வுக்கு முந்தைய வாரம் ரெகார்ட் எழுதிக்கொண்டு உட்காருவது பெரிய வதை.

தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவர்களுக்கு

2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். வகுப்பில் இங்கிலீஷ் வேகமாகப் போகும்போது, தான் மட்டும் இங்கே தவறி வந்துவிட்டதாக ஒரு எண்ணம் வரும். அது தவறு. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதல் மாதத்தில் பாதி வார்த்தை புரிவதில்லை, ஏனென்றால் அவை பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும்.

ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்ற பெயரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிரித்துப் பாருங்கள். ஸ்டெர்னம் என்றால் மார்பெலும்பு, கிளைடோ என்பது காறையெலும்பு, மாஸ்டாய்ட் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனை. அந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே போய் ஒட்டுகிறது என்பது முழுவதும் பெயரிலேயே இருக்கிறது. வேர்ச்சொற்களுக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். பாடத்தைத் தமிழிலேயே யோசித்துப் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் இங்கிலீஷில் சிறு சிறு வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். தேர்வில் இலக்கியம் கேட்பதில்லை. தலைப்பு, படம், குறிப்புகள், சரியான சொல் இருந்தால் மதிப்பெண் வரும்.

உடம்பு

தூக்கத்தில்தான் படித்தது நிலைக்கிறது. ஆறரை, ஏழு மணி நேரம் தூங்குங்கள். காஃபியில் இருக்கும் காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்தால் பதினொரு மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது. சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள். பெருந்துறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பழைய சானடோரியம் வளாகம் நடப்பதற்கென்றே அமைந்தது போல இருக்கும். மெஸ் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் நெய்யும் கொண்டு போனால் அரிசிம்பருப்பு சாதத்தின் நினைவாவது கூட வரும்.

முதல் இன்டர்னலில் போய்விட்டால்

அனாடமியில் எனக்கு நூற்றுக்கு 34. வீட்டுக்கு ஃபோன் செய்து 64 என்றேன். அம்மா பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த 64ஐக் காப்பாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது. வாரக் கடைசியில் ஊருக்குப் போவதை நிறுத்தினேன். ஃபோன் அடித்தால் வயிறு பிசைந்தது. வகுப்பில் அந்த ஆசிரியர் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்தேன். படிப்புச் சுமை அதே அளவுதான், யாருக்கும் தெரியாமல் அதைத் தூக்கியதில்தான் முதுகு ஒடிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வைத்துச் சொன்னேன். அம்மா, "மூணு மாசமா எங்கிட்டயே பொய் சொல்லீட்டு இருந்தியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அது இன்னும் வலிக்கிறது. அப்பா மடைவெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, "அந்தப் பரிச்சை மறுக்கா எப்ப வருது?" என்றார். "ஜனவரிலங்ப்பா." "செரி. அதுக்குள்ள யாருகிட்டக் கேட்டுப் படிக்கோணும்னு பாரு." அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை நான் துறைக்குப் போய் நின்றேன்.

அதனால் நீங்கள் மூன்று மாதம் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு வாரத்துக்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

விடைத்தாளைக் கேட்டு வாங்கி, ஒரு பேனாவோடு உட்காருங்கள். போன மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: படிக்காமலே விட்டது, படித்தும் ஞாபகம் வராதது, தெரிந்தும் எழுதத் தெரியாதது. என் தாளில் மூன்றாவது வகைதான் அதிகம். கதை போல எழுதியிருந்தேன், ஒரு படம்கூட இல்லை. இரண்டாவது வகை அதிகமென்றால் மேலே சொன்ன நனைப்பு முறைக்கு மாறுங்கள். முதல் வகை அதிகமென்றால் உங்கள் நாள் எங்கே போகிறது என்று மூன்று நாள் மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, அந்தப் பாடத்து ஆசிரியரிடம் தாளோடு போங்கள். "எப்படிப் படிப்பது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்தக் கேள்விக்கு எனக்கு 10க்கு 3 வந்திருக்கிறது, என்ன எழுதியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சிலர் திட்டுவார்கள். திட்டிவிட்டுச் சொல்லியும் தருவார்கள்.

வீட்டுக்கு ஃபோன். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறோம், ஆகவே வாக்கியத்தையே தருகிறேன்: "அப்பா, முதல் டெஸ்ட்ல அனாடமில ஃபெயிலுங்க. இது காலேஜுக்குள்ள வெக்கிற பரிச்சை. அடுத்தது இன்ன மாசம் வருதுங்க. சார்கிட்டப் பேசியிருக்கேன்." நாலு வாக்கியம். இதை அவர்கள் உங்களிடமிருந்தே கேட்க வேண்டும், வேறு யார் மூலமாகவும் கூடாது.

இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். முதல் வருடத்தில் "மார்க் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். பிள்ளை ஃபெயில் என்று தானாகச் சொன்னால், முதல் ஐந்து நிமிடம் குரலை உயர்த்தாமல் இருங்கள். அடுத்த தடவை உங்களிடம் உண்மை வருமா வராதா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிறது.

ஊரும் ஒறம்பரையும்

கொங்குப் பிள்ளைகள் பலருக்கு வீடு இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் போனால் ஹாஸ்டல் எப்போதும் அந்நியமாகவே இருக்கும். மாரியம்மன் நோம்பிக்கு ஒரு நாள் போவதில் தப்பே இல்லை, போய்த் தீர்த்தம் எடுத்துவிட்டு வாருங்கள், அன்றைக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் மார்க் கேட்பார்கள். "இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கு" என்பது போதுமான பதில். சிலர் சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டி மாத்திரை கேட்பார்கள். "நான் இன்னும் அதெல்லாம் படிக்கலீங்க, ஆஸ்பத்திரில காட்டுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளும் சுமையை 18 வயதில் ஏற்க வேண்டாம்.

இது வெறும் படிப்பு டென்ஷன் இல்லை என்று எப்போது தெரியும்

தேர்வுக்கு முன்னால் படபடப்பு வருவது இயல்பு, தேர்வு முடிந்ததும் அது இறங்கிவிடும். இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடந்தால், பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், குளிக்கக்கூட எழ முடியவில்லை என்றால், அது உடம்புக்கு வரும் காய்ச்சலைப் போல மருத்துவம் தேவைப்படும் நிலை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பேசுங்கள்.

நீங்கள் தனி ஆள் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கைக்காக 25,590 இளநிலை மாணவர்கள் பதில் தந்தார்கள். அதில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். நாலு பேர் உட்காரும் மெஸ் மேஜையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104ம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கினார்கள், உங்கள் கல்லூரியில் யார் பொறுப்பு என்று மென்டரிடம் கேளுங்கள். சொந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனால் தெரிந்த முகங்கள் இருக்குமே என்று கூச்சமாக இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரங்கள் ரகசியமாக இருக்கும் உரிமையைத் தருகிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள். ஃபார்மகாலஜி புத்தகத்தைப் பார்த்து நீங்களே நிறுத்தவோ சீனியர் சொன்னதைத் தொடங்கவோ கூடாது.

ரூம்மேட் அப்படி இருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து வார்டனையோ மென்டரையோ வீட்டையோ கூப்பிடுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள்.

வைவாவும் ரிசல்ட்டும்

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்தால் முதலில் வலதா இடதா என்று பார்த்து, உடம்பில் இருக்கும் நிலையில் பிடித்துக்கொள்ளுங்கள், கேள்வி பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போங்கள். பயம் குறைய ஒரே வழி, ரூமில் ஒருவர் கேட்க மற்றவர் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுவது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது.

பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டாலும் சில வாரங்களிலேயே சப்ளிமென்டரி என்ற மறுதேர்வு வரும். அதில் தேறினால் அதே பேட்சோடு இரண்டாம் வருடம் போகலாம். முதல் வருடத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ரிசல்ட் வந்த அன்று பேட்ச் குரூப்பில் வரும் வாழ்த்துச் செய்திகளை ஒரு நாளைக்கு மூடி வையுங்கள். வீட்டுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராத்திரி தனியாகப் படுக்காமல் நண்பர் ரூமில் படுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் குளித்துவிட்டுத் துறைக்குப் போய், சப்ளிமென்டரி வகுப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.